யாரும் திரும்பக் கட்டாத வரிசை

1999ஆம் ஆண்டைத் தீம் பார்க் பைத்தியங்கள் மறக்கமாட்டார்கள். அந்த ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி ஃபுளோரிடாவில் எப்கொட் பூங்காவின் ‘ஹொரைசன்ஸ்’ என்ற சவாரி நிரந்தரமாக மூடப்பட்டது. மார்ச் மாதத்தில் ‘ரோலர் கோஸ்ரர் ரைக்கூன்’ என்ற கணினி விளையாட்டு கடைகளுக்கு வந்தது. அதே ஆண்டில்தான் டிஸ்னி தன் பூங்காக்களில் ‘ஃபாஸ்ற்பாஸ்’ முறையையும் தொடங்கியது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத செய்திகளாகத்தான் அப்போது தெரிந்தன. இன்று பூங்காக்களைப் பற்றி நாங்கள் சண்டை பிடிக்கும் எல்லாவற்றுக்கும் வேர் அந்த ஒரே ஆண்டில் கிடக்கிறது என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. மூடப்பட்ட சவாரியை எப்படி நினைவில் வைப்பது, அதைத் திரையில் திரும்பக் கட்டலாமா, வரிசையில் யார் நிற்பது, யார் நிற்காமல் போவது என்பவைதான் அந்தச் சண்டைகள்.

‘நாங்கள்’ என்று நான் சொல்வது, பிள்ளைகளைச் சாட்டிப் பூங்காவுக்குப் போகிறவர்களை அல்ல. பிள்ளைகள் வளர்ந்து வர மறுத்த பிறகும் தனியே போகிறவர்களை. எனக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. ரொறொன்ரோவில் குளிர் விட்டதும் மற்றவர்கள் தோட்டத்துக்கு மண் வாங்கப் போவார்கள், நான் வொண்டர்லாண்டுக்குப் போவேன். வீட்டில் இதைப் பற்றி இப்போது யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

ஹொரைசன்ஸில் நான் ஏறியது 1998 டிசம்பரில், அது மூடப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு. 1983 ஒக்டோபர் 1ஆம் திகதி திறக்கப்பட்ட சவாரி அது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் பத்து ஆண்டுகள் அதற்கு ஆதரவு கொடுத்து, 1993இல் விலகிக்கொண்டது. நான்கு பேர் அருகருகே இருக்கும் பெட்டி, மேலே உள்ள தண்டவாளத்தில் தொங்கியபடி பக்கவாட்டில் நகரும். பழைய காலத்து மனிதர்கள் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்தார்கள் என்பதை முதலில் காட்டுவார்கள். பிறகு நாளைய குடும்பம் ஒன்று பாலைவனத்திலும், கடலுக்கடியிலும், விண்வெளியிலும் வாழும். பாலைவனப் பண்ணையைக் கடக்கும்போது தோடம்பழ வாசம் வரும். முடிவில் மூன்று வழிகளில் எதனால் வீடு திரும்புவது என்று பெட்டியில் உள்ளவர்கள் பொத்தானை அழுத்தி வாக்களிக்க வேண்டும். பெரும்பான்மைக்குக் கிடைத்த வழிதான் எல்லோருக்கும். நான் கடலைக் கேட்டேன். என்னோடு இருந்த மூவரும் முன்பின் தெரியாதவர்கள், அவர்கள் விண்வெளிக்குப் போக விரும்பினார்கள். போனோம்.

2000இல் அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். அந்த நிலத்தில் 2003இல் ‘மிஷன் ஸ்பேஸ்’ வந்தது. ஆனால் ஹொரைசன்ஸ் செத்துப்போகவில்லை. ரசிகர்கள் எடுத்து வைத்திருந்த வீடியோக்கள், படங்கள், ஒலிப்பதிவுகள் எல்லாவற்றையும் சேர்த்து அதைக் கணினிக்குள் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். தலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் பெட்டிக்குள் இருக்கலாம், தலையைத் திருப்பினால் பண்ணை தெரியும், பொத்தானும் வேலை செய்யும். இந்த உழைப்பைக் கேலி செய்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. சம்பளமில்லாமல், நிறுவனத்தின் உதவியுமில்லாமல், ஒரு விளக்கின் நிறம் எது என்று மாதக்கணக்கில் விவாதித்துச் செய்தது அது. செய்தவர்களிலும் அதைப் பார்ப்பவர்களிலும் பலர் ஹொரைசன்ஸ் மூடிய பிறகு பிறந்தவர்கள். கண்ணால் காணாத இடத்தைப் பிறரின் படங்களிலிருந்தும் கதைகளிலிருந்தும் கட்டுவது நமது பிள்ளைகளுக்குப் பழக்கமான வேலைதான். அதனால் எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை.

தோடம்பழ வாசம் இல்லை என்று எல்லோரும் குறை சொல்வார்கள். வாசத்தை என்றாவது கொண்டுவந்துவிடுவார்கள். எனக்குக் குறையாகப் படுவது வேறு. மெய்நிகர் சவாரிக்குள் நுழைந்தால் உடனே ஏறிவிடலாம், வரிசை இல்லை. சில உருவாக்கங்களில் வரிசை நிற்கும் கூடத்தைக்கூடக் கட்டியிருப்பார்கள், ஆனால் அது ஆளில்லாத கூடம். ஹொரைசன்ஸின் கூடம் ஒரு விமான நிலையத்தின் புறப்பாட்டுப் பகுதி போல அமைந்திருந்தது. புறப்பாட்டுப் பகுதியில் பயணிகள் இல்லையென்றால் அது வெறும் ஓடைதானே.

வரிசையில் என்ன இருக்கிறது, அது ஒரு தொல்லைதானே என்று கேட்கலாம். தொல்லைதான். ஆனாலும் ஒரு பூங்காவின் வரலாற்றை எழுத வேண்டுமானால் நான் சவாரியை விட்டுவிட்டு வரிசையைத்தான் எழுதுவேன். சவாரி, பூங்கா தன்னைப் பற்றிச் சொல்லும் கதை. தன்னிடம் வந்த மனிதர்களை அது என்னவாக நினைத்தது என்பது வரிசையில்தான் தெரியும்.

முதலில் விலையை எடுத்துக்கொள்வோம். 1955இல் டிஸ்னிலாண்ட் திறந்தபோது வாசலில் ஒரு கட்டணம், உள்ளே ஒவ்வொரு சவாரிக்கும் தனிக் கட்டணம். சில மாதங்களில் ரிக்கெற் புத்தகம் வந்தது. ஏ, பி, சி என்று சவாரிகளைத் தரம் பிரித்தார்கள். 1959இல் சேர்க்கப்பட்ட ‘ஈ’ ரிக்கெற்றுக்குத்தான் மிகப் பெரிய சவாரிகள். புத்தகத்தில் உள்ள ஈ ரிக்கெற்றுகள் முடிந்துவிட்டால் மேலும் காசு கொடுத்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் மிஞ்சியிருக்கும் ஏ ரிக்கெற்றோடு குதிரை வண்டியில் ஏற வேண்டும். வோல்ரர் ஓய் என்ற பொருளியலாளர் 1971இல் டிஸ்னிலாண்டை உதாரணமாக வைத்தே ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். வாசலில் அதிகம் வாங்கிச் சவாரியை இலவசமாக்குவதா, வாசலில் குறைத்துச் சவாரிக்கு வாங்குவதா என்பதுதான் கேள்வி. 1982இல் டிஸ்னி ரிக்கெற் புத்தகத்தைக் கைவிட்டது. வாசலில் ஒரே கட்டணம், உள்ளே எல்லாம் ‘இலவசம்’. அன்றிலிருந்து சவாரியின் விலையை நாங்கள் காசாகக் கொடுக்கவில்லை, நிமிடங்களாகக் கொடுத்தோம். வைத்தியருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் ஒரே விலை, நாற்பது நிமிடம்.

இந்தச் சமத்துவத்தை நான் பெரிதாக்கிப் பேசவில்லை. வாசல் கட்டணத்தைக் கட்ட முடியாதவர் வரிசைக்கே வருவதில்லை. அதற்கும் முந்திய காலத்தில், கட்டணத்தைக் கையில் வைத்திருந்தும் வரிசையில் நிற்க விடாமல் தடுக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். பல்ரிமோர் நகருக்கு அருகே க்வின் ஓக் என்ற பூங்கா இருந்தது. கறுப்பினத்தவருக்கு அங்கே அனுமதி இல்லை. ஆண்டுக்கணக்காக அதன் வாசலில் மறியல் நடந்தது. 1963 யூலை 4ஆம் திகதி மட்டும், பாதிரிமார், யூத மதகுருமார் உட்பட 283 பேர் கைது செய்யப்பட்டார்கள். கடைசியில் ஓகஸ்ட் 28ஆம் திகதி பூங்கா எல்லோருக்கும் திறக்கப்பட்டது. மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் தன் கனவைப் பற்றிப் பேசிய அதே நாள். அன்று க்வின் ஓக்கின் குதிரை ராட்டினத்தில் ஏறிய முதல் கறுப்பினக் குழந்தைக்குப் பதினொரு மாதம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் நடந்ததைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

1972இல் ஆக்னஸ் சூறாவளியோடு வந்த வெள்ளம் க்வின் ஓக்கை அழித்தது. அந்த ராட்டினம் தப்பி, பின்னாளில் வாஷிங்டன் நஷனல் மோலுக்கு வந்து சேர்ந்தது. நாளைக்கு யாராவது க்வின் ஓக்கை மெய்நிகராகக் கட்டினால் குதிரைகளையும் இசையையும் மரங்களையும் அச்சொட்டாகக் கொண்டுவந்துவிடுவார்கள். தலைக் கண்ணாடியை மாட்டுகிறவர் யாராக இருந்தாலும் நேரே போய்க் குதிரையில் ஏறலாம். அந்தப் பூங்காவின் முக்கியமான உண்மை அதில் இருக்காது.

டிஸ்னியின் பொறியியலாளர்கள் வரிசையை வேறு இரண்டு வகையில் கையாண்டார்கள். ஒன்று, அதை நகர வைப்பது. 1967இல் டிஸ்னிலாண்டில் அறிமுகமான ‘ஒம்னிமூவர்’ என்பது நிற்காமல் ஓடும் பெட்டிகளின் சங்கிலி. நீங்களும் நகரும் மேடையில் நடந்து, ஓடும் பெட்டிக்குள் காலை வைக்க வேண்டும். ஹொரைசன்ஸும் அந்த வம்சம்தான். வரிசை நீளமாக இருந்தாலும் கால் நிற்காது, அதனால் கோபம் வராது. மற்றது, வரிசையையே நாடகமாக்குவது. 1995இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் சவாரியின் வரிசைப் பாதை ஏறக்குறைய அரை மைல். குகை, கோவில், எலும்புக்கூடு எல்லாவற்றையும் தாண்டித்தான் ஜீப்பைக் காணலாம். என் அபிப்பிராயத்தில் அந்தப் பாதை சவாரியைவிட நல்லது. சவாரி முதுகை முறிக்கும்.

1999இல் ஃபாஸ்ற்பாஸ் வந்தபோது அதைக் குறை சொன்னவர்கள் குறைவு. நுழைவுச் சீட்டை இயந்திரத்துக்குள் விட்டால், எத்தனை மணிக்குத் திரும்பி வரலாம் என்று ஒரு துண்டு வெளியே வரும். இலவசம். வரிசையில் நிற்கும் நேரத்தில் வேறு எதையாவது பார்க்கலாம், பார்ப்பதோடு கடைகளில் எதையாவது வாங்கலாம் என்பதுதான் எண்ணம். ஆனால் சவாரி இயந்திரத்துக்கு இது தெரியாது. மணிக்கு ஆயிரம் பேரை ஏற்றும் சவாரி துண்டு வந்த பிறகும் ஆயிரம் பேரைத்தான் ஏற்றும். அதில் எண்ணூறு இடங்கள் துண்டு வைத்திருப்பவர்களுக்குப் போனால், வெளியே வெயிலில் நிற்கும் முந்நூறு பேர் மிச்சமுள்ள இருநூறு இடங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒருவருக்கு மிச்சமான நிமிடம் இன்னொருவரின் தலையில் விழுகிறது.

என் மகள் ஒரு கோடை விடுமுறையில் ஒரு பூங்காவில் வேலை செய்தாள். இரண்டு வரிசைகளும் ஒன்றாகச் சேரும் இடத்தில் நிற்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. விரைவு வரிசையிலிருந்து எட்டுப் பேர், பொது வரிசையிலிருந்து இரண்டு பேர் என்று எண்ணி விட வேண்டும். பொது வரிசையில் ஒரு மணி நேரம் நின்ற தகப்பன்மார் அவளைப் பார்க்கும் பார்வையைப் பற்றி அவள் சொன்னது எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. “அவையள் என்னைத் திட்டினாப் பரவாயில்லை அப்பா, பேசாமப் பாக்கினம்” என்றாள்.

2020இல் கொவிட்டோடு டிஸ்னி பூங்காக்கள் மூடியபோது இலவசத் துண்டும் முடிந்தது. திரும்ப வந்தது விலையோடு. 2021 ஒக்டோபரில் ஃபுளோரிடாவில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டொலர் என்று ஆரம்பித்தார்கள். 2024இல் அறிமுகமான மிக உயர்ந்த வகைக்கு டிஸ்னிலாண்டில் 400 டொலர், அதுவும் வாசல் கட்டணத்துக்கு மேலே. ஈ ரிக்கெற் வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டது, ஒரு வித்தியாசத்தோடு. அந்தக் காலத்தில் ஈ ரிக்கெற் வாங்கியவரும் மற்றவர்களோடு ஒரே வரிசையில்தான் நின்றார்.

ரோலர் கோஸ்ரர் ரைக்கூன் இங்கேதான் வருகிறது. கிறிஸ் சோயர் என்ற ஒருவர், நிரல் முழுவதையும் ஏறக்குறையத் தனியாளாக, அதிலும் பெரும்பகுதியை அசெம்பிளி மொழியில் எழுதினார். அந்த விளையாட்டில் சவாரியைக் கட்டினால் மட்டும் போதாது, வரிசைக்குப் பாதையும் போட வேண்டும். பாதை நீளமானால் அதில் நிற்கும் சின்ன மனிதர்களின் முகம் வாடும். ஒருவரைச் சொடுக்கினால் அவர் மனதில் ஓடுவது தெரியும், நீண்ட நேரமாகக் காத்திருக்கிறேன் என்ற முறைப்பாடு. பிறகு வந்த எத்தனையோ அழகான மெய்நிகர் சவாரிகளைவிட இந்தப் பொம்மை மனிதர்களிடம்தான் பூங்காவின் உண்மை அதிகம் என்று எனக்குப் படுகிறது. 2021இல் ‘டிஃபங்க்ட்லாண்ட்’ என்ற யூரியூப் தொடர் ஃபாஸ்ற்பாஸின் வரலாற்றை ஒரு முழுநீள ஆவணப்படமாக வெளியிட்டது. அதற்காகவே கணினியில் ஒரு கற்பனைப் பூங்காவை உருவாக்கி, கூட்டத்தை உள்ளே விட்டு, விரைவு வரிசை இருந்தால் என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்த்தார்கள். சவாரிகள் வெறும் பெயருக்கு, வரிசைதான் பாத்திரம். அந்தப் படத்தை நான் மூன்று முறை பார்த்தேன்.

கடைசியாக, நம் மாகாணத்துச் சவாரி ஒன்று. ஒன்ராறியோவில் ஈரி ஏரிக்கரையில் கிறிஸ்ரல் பீச் என்ற பூங்கா இருந்தது. 1927இல் ஹரி ட்ரேவர் அங்கே ‘சைக்ளோன்’ என்ற ரோலர் கோஸ்ரரைக் கட்டினார். உலகத்திலேயே கொடூரமானது என்று இன்றும் அதைச் சொல்வார்கள். இறங்குகிறவர்களைக் கவனிக்க நிலையத்தில் ஒரு தாதி இருந்தாராம். 1946இல் அதை மூடிவிட்டார்கள். ‘நோ லிமிற்ஸ்’ என்ற மென்பொருளில் ரசிகர்கள் அதைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள், திரையில் பார்க்கவே கழுத்து நோகும். அதில் தாதி இல்லை. தாதியைப் பார்த்துவிட்டு வரிசையிலிருந்து விலகி நடந்தவர்களும் இல்லை. அப்படிச் சிலராவது இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சைக்ளோனின் இரும்பில் ஒரு பகுதியைக் கொண்டு 1948இல் அங்கேயே ‘கொமெற்’ என்ற புதிய கோஸ்ரரைக் கட்டினார்கள். 1989இல் பூங்கா மூடியதும் கொமெற்றை வாங்கி எல்லைக்கு அப்பால் கொண்டுபோனார்கள். 1994இலிருந்து அது நியூயோர்க் மாநிலத்தில் லேக் ஜோர்ஜுக்குப் பக்கத்தில், ‘கிரேற் எஸ்கேப்’ பூங்காவில் ஓடுகிறது. ரொறொன்ரோவிலிருந்து காரில் ஒரு பகல் பயணம். போன கோடையில் போயிருந்தேன். அரை மணி நேர வரிசை. எனக்கு முன்னால் பஃபலோவிலிருந்து வந்த ஒரு கிழவர் தன் பேரனோடு நின்றார். கிறிஸ்ரல் பீச்சில் இதே கோஸ்ரருக்காக எந்தப் பக்கம் வரிசை திரும்பும், எங்கே நின்றால் ஏரிக் காற்று வரும் என்று கையை நீட்டி நீட்டி அந்தப் பையனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அங்கே ஏரி இல்லை. பையன் அவர் காட்டிய பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பிறகு எங்கள் முறை வந்தது.