எம்.ஜி. என்ற இரண்டெழுத்து

சினிமா வியாபாரத்தில் 'எம்.ஜி.' என்றால் எம்.ஜி.ஆர். அல்ல, 'மினிமம் கியாரண்டி'. படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு பணம் தந்தே தீருவேன் என்று விநியோகஸ்தர் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்கும் உத்தரவாதம். தமிழ் சினிமா பல காலம் இந்த ஒரு ஷரத்தை நம்பித்தான் ஓடியது.

தமிழ்நாட்டைப் பல ஏரியாக்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். என்.எஸ்.சி. என்றால் வடாற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு. டி.டி. என்றால் திருச்சி, தஞ்சாவூர். எம்.ஆர். என்றால் மதுரை, ராமநாதபுரம். டி.கே. என்றால் திருநெல்வேலி, கன்னியாகுமரி. இவை தவிர சென்னை நகரம், கோவை, சேலம். ஒவ்வொரு ஏரியாவுக்கும் தனி விநியோகஸ்தர், தனி ஒப்பந்தம்.

கணக்கு இப்படிப் போகும். உதாரணத்துக்கு, ஒரு ஏரியாவுக்கு எம்.ஜி. 5 லட்சம், பிரிண்ட், போஸ்டர், விளம்பரச் செலவு 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தியேட்டர்களிலிருந்து வரும் ஷேர் 4 லட்சத்தோடு நின்றுவிட்டால், 2 லட்சம் நஷ்டமும் விநியோகஸ்தர் தலையில்தான். ஷேர் 10 லட்சம் வந்தால் போட்ட 6 லட்சத்தையும் தன் கமிஷனையும் எடுத்துக்கொள்வார். மிச்சத்துக்குப் பெயர் 'ஓவர்ஃப்ளோ'. அதில் தயாரிப்பாளருக்கும் பங்கு உண்டு. 'அவுட்ரேட்' என்றால் லாபமோ நஷ்டமோ முழுவதும் வாங்கியவருக்கே. 'அட்வான்ஸ்' முறையில் மட்டும்தான் வசூலாகாத பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

தயாரிப்பாளருக்கு இதில் என்ன வசதி? படப்பிடிப்பு நடக்கும்போதே விநியோகஸ்தர் தவணை தவணையாகப் பணம் தருவார். பெரிய முதலீடு இல்லாதவரும் நல்ல நட்சத்திரத்தின் கால்ஷீட்டைக் காட்டிப் படத்தை ஆரம்பித்துவிட முடிந்தது இதனால்தான். பாக்கியைக் கட்டினால்தான் படப்பெட்டி கைக்கு வரும். 'பெட்டி இன்னும் வரவில்லை' என்று முதல் நாள் தியேட்டர் வாசலில் காத்து நின்றது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பல தடவை அதற்குக் காரணம் ரயில் தாமதம் அல்ல, பணத் தாமதம்.

விநியோகஸ்தரும் சும்மா இருக்கமாட்டார். தான் கொடுத்த உத்தரவாதத்துக்கு ஈடாகத் தியேட்டர்காரரிடம் இன்னொரு எம்.ஜி. வாங்குவார். தியேட்டர்காரர் வட்டிக்கு வாங்கிக் கட்டுவார். இப்படி ஒருவர் பயத்தை அடுத்தவர் வாங்கிக்கொண்டே போய், கடைசியில் அது சின்ன ஊர்த் தியேட்டர்காரரிடம் வந்து நிற்கும். அவருக்கு உத்தரவாதம் கொடுக்க யாருமில்லை. டிக்கெட் வாங்கும் நாம் யாருக்கும் எதையும் எழுதிக் கொடுத்ததில்லையே!

2002-ல் 'பாபா' எதிர்பார்த்தபடி ஓடாதபோது, நஷ்டப்பட்டவர்களுக்கு ரஜினிகாந்த் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அது பெரிய மனது. ஆனால் அதற்குப் பிறகு, பெரிய படம் தோற்றால் நடிகர் ஈடுகட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் வளர்ந்தது. 2014 டிசம்பரில் வந்த 'லிங்கா'வுக்காக விநியோகஸ்தர்கள் சென்னையில் உண்ணாவிரதமே இருந்தார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒரு பகுதிதான் கிடைத்தது. லாபம் வந்தால் ஒப்பந்தம், நஷ்டம் வந்தால் நியாயம் என்று பேசுகிறார்களே என்று சிலர் கேட்டார்கள். கேள்வி சரிதான். ஆனால் நட்சத்திரத்தின் சம்பளத்தை ஏற்றி, அந்தச் சுமையை எம்.ஜி. வழியாகக் கீழே இறக்கியதும் அதே வியாபாரம்தானே?

இன்று படப்பெட்டி இல்லை. டிஜிட்டல் பிரதியைத் திறக்க ஒரு சாவி எண் வருகிறது. பாக்கி இருந்தால் அதுவும் வராது. காலைக் காட்சி ரத்து. பெட்டி போய்விட்டது, ஆனால் எம்.ஜி. போகவில்லை.