போடிநாயக்கனூர் மலைச்சரிவு

தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேற்கிலும் வடமேற்கிலும் எழும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குமுகம். ஏலமலையின் தமிழ்நாட்டுப் பக்கம். ஊர் சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஏறத்தாழ 4500 அடி உயரத்திலுள்ள போடிமெட்டில் கேரள எல்லையைத் தொடுகிறது. முகட்டுக்குக் கிழக்கே பெய்வது கொட்டகுடி ஆறாகித் தேனிப் பக்கம் வைகையில் சேரும். மேற்கே பெய்வது பன்னியாறு வழியாகப் பெரியாற்றுக்குப் போய் அரபிக்கடலை அடையும். முகட்டுக்கு மேற்கே பூப்பாறையில் தென்மேற்குப் பருவமழை விடாமல் கொட்டும் ஆடி மாதத்தில் போடியில் வெறும் காற்றுதான். இந்தச் சரிவுக்கு உரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது.

காடு அமைந்திருப்பதும் இந்த மழைக்கணக்கின்படியே. அடிவாரத்தில் முட்புதர், அதற்கு மேல் இலையுதிர்காடும், வெயிலில் காய்ந்து நிற்கும் சுக்குநாறிப் புல்லும், முகட்டை ஒட்டிய பள்ளங்களில் சோலைக்காடு. இடையிடையே மா, இலவம், காப்பித் தோட்டங்கள். அடியிலுள்ள பாறை சார்னோக்கைட், சென்னைப் பல்லாவரத்துக் குன்றில் இருப்பதே. அதன் உறுதியை நம்பித்தான் தேவாரத்தை அடுத்த பொட்டிப்புரத்தில், போடி மேற்கு மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்டார்கள். 2015இல் மத்திய அமைச்சரவை சுமார் 1500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. உள்ளூர் எதிர்ப்பிலும் வழக்கிலும் சிக்கிய திட்டத்துக்குத் தமிழ்நாடு அரசும் இணங்கவில்லை.

மலையின் மூத்த குடிகள் முதுவர். மதுரையிலிருந்து வெளியேறி மலையேறியவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய மரபுக்கதை. ஏலக்காய் நெடுங்காலம் காட்டில் தானாக விளைந்து பறிக்கப்பட்ட பொருள்; திருவிதாங்கூர் அரசு அதன் வாணிகத்தைத் தன் தனியுரிமையாக வைத்திருந்தது. போடி, கம்பம் பகுதித் தமிழ் விவசாயிகள் மெட்டுப் பாதைகளில் ஏறிப்போய் முகட்டுக்கு அப்பால், திருவிதாங்கூர்ப் பக்கத்தில் ஏலத்தோட்டம் போட்டார்கள். 1897 ஆகஸ்டில் திருவிதாங்கூர் ஏலமலையைக் காப்புக்காடாக அறிவித்தது. அதன் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஓர் இலக்கத்தில் தொங்கும் இரண்டு லட்சம் ஏக்கர்.

ஏலச்செடிக்கு நிழல் வேண்டும் என்பதால்தான் அங்கே பெருமரங்கள் தப்பின. தேயிலை வந்த இடத்தில் காடு மொட்டையானது. ஏலம் வந்த இடத்தில் மேற்கூரை மிஞ்சியது. ஆனால் அதைக் காடு என்று சொல்லிவிட முடியாது. கீழ்ச்செடிகளைக் களைந்துகொண்டே இருந்தால் கிழமரம் சாய்ந்த இடத்தில் இளமரம் எழாது. 1990களில் பரவிய நள்ளாணி ரகம் விளைச்சலைப் பெருக்கியது. கூடவே கூடுதல் வெளிச்சமும் பாசனமும் பூச்சிமருந்தும் கேட்டது. மரங்களின் கிளைகள் கழிக்கப்பட்டன. 2018 வெள்ளத்துக்கும் அடுத்த ஆண்டு வறட்சிக்கும் பிறகு, 2019 ஆகஸ்டில் ஏலச்சந்தையில் ஒரு கிலோவின் உச்சவிலை 7000 ரூபாயை எட்டியது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இன்றும் போடியிலும் கேரளத்துப் புற்றடியிலும் நடக்கிறது.

சரிவின் வடகோடி டாப் ஸ்டேஷன். 1877இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்கு வாங்கிய கண்ணன் தேவன் மலையின் தேயிலை இந்த வழியாகத்தான் இறங்கியது. 1902இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே ஒற்றைத் தண்டவாள வண்டியை ஓட்டினார்கள். 1908இல் அதைக் குறுகிய பாதை ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனில் இறக்கிய பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கி ஐந்து கிலோமீட்டர் கீழிறங்கி, பாட்டம் ஸ்டேஷன் எனப்பட்ட கொட்டகுடியை அடைந்தன. பிறகு மாட்டுவண்டியில் போடி. டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் குரங்கணிப் பாதையில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற ஊர்ப்பெயர் இன்னும் இருக்கிறது. ரயிலைத் தேடிப் பயனில்லை. 1924 ஜூலை வெள்ளம் மலைரயிலை அழித்தது. மதுரை–போடி ரயில் வந்ததோ 1928இல்! போர்க்காலத்தில் அதன் தண்டவாளமும் பெயர்க்கப்பட்டு 1950களில் திரும்பப் போடப்பட்டது. 2010 இறுதியில் மீட்டர்கேஜ் நின்றது. 2023 ஜூன் 15இல் அகலப்பாதையில் ரயில் மீண்டும் போடிக்கு வந்தது.

1956 மாநிலச் சீரமைப்பில் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்துக்குப் போயின. தோட்டம் அந்தப் பக்கம், தோட்டத்து ஆள் இந்தப் பக்கம் என்றாகிவிட்டது. போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் எல்லை தாண்டுகின்றன. 7000 அடிக்கு மேலுள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் இதற்கு நேர்மாறு: இருப்பது தமிழ்நாட்டில், வாகனப் பாதையோ கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. எல்லைக்கு மேற்கே மதிகெட்டான் சோலை 12.82 சதுர கிலோமீட்டர்தான். ஆக்கிரமிப்புகள் பெரும் சர்ச்சையான பிறகு 2003இல் தேசியப் பூங்காவானது. ஏலத்தோட்டங்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் சோலை அது. இந்த வட்டாரத்தில் முதலில் காக்கவேண்டியதும் அதுவே.

கிழக்குச் சரிவின் ஆபத்து நெருப்பு. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ ஆள் ஓடுவதைவிட வேகமாக மேலேறும். அவ்வாண்டே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் குரங்கணி–சாம்பலாறு பாதை இடம்பெற்றது. செல்ல விரும்புவோர் வனத்துறை அனுமதி பெற்று, மழைக்குப் பிந்தைய மாதங்களில் போகலாம். மாசி, பங்குனியில் தவிர்ப்பதே நல்லது.