பட்டாவும் சபையும்: பஞ்சமி நில ஆணை, வன உரிமைச் சட்டம் – ஓர் ஒப்பாய்வு

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுமிடத்தில் இருக்கிறது திருமுக்கூடல். அங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வயலைக்காவூரின் வருவாயைக் கொண்டு கோயிலையும் அதைச் சேர்ந்த கல்விச்சாலையையும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும் எப்படி நடத்துவது என்று அது கணக்குச் சொல்கிறது. மருத்துவருக்கு எவ்வளவு, அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மூலிகை பறித்து விறகு கொண்டுவருபவருக்கு எவ்வளவு என்பது வரை அதில் உண்டு.

இதே வட்டாரத்தில் உள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து குடவோலைக் கல்வெட்டுகள் (919, 921) இருக்கின்றன. பள்ளிப் பாடப்புத்தகத்தில் எல்லாரும் படித்தவைதான். ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதிகள் என்னென்ன என்று அவை வரிசையாகச் சொல்கின்றன: வரி கட்டும் கால்வேலி நிலம், வேதக் கல்வி, வயது வரம்பு, சொந்த மனையில் கட்டிய வீடு. அந்தச் சபையைக் கிராமக் குடியாட்சியின் தொட்டில் என்று மேடைதோறும் கொண்டாடுகிறோம். அது பிராமணர்களின் சபை என்பதையும், அந்த வட்டத்துக்குள்ளும் சொந்த மனை இல்லாதவனுக்கு இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதில்லை. திருமுக்கூடலில் அறுவை செய்தவர்களும் மூலிகை பறித்தவர்களும் கூலி பெற்றார்கள். முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்கள் இல்லை.

நிலமும் சபையும் ஒரே கையில் இருந்த இந்த மண்ணில், வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அரசு நிலம் தர முன்வந்த இரண்டு தருணங்களை இங்கே எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, 1892ஆம் ஆண்டின் பஞ்சமி நில ஆணை. மற்றது, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். முன்னது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், அதாவது திருமுக்கூடலும் அடங்கியிருந்த மாவட்டத்தில், கருக்கொண்டது. பின்னது நாடு முழுவதற்குமாக நாடாளுமன்றம் இயற்றியது. தொல்குடி உரிமை பற்றிய விவாதங்களில் இவ்விரண்டையும் யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. ஒன்று தலித் மக்களின் பிரச்சினை, மற்றது பழங்குடிகளின் பிரச்சினை என்று தனித்தனிக் கோப்புகளில் கிடக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றே: கொடுத்த நிலத்தைக் காப்பது யார்?

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை அனுப்பினார். அந்த அறிக்கையில் என்னை மிகவும் உறுத்துவது பட்டினி பற்றிய செய்தியல்ல, மனை பற்றிய செய்தி. மிராசு முறையில் ஊரின் தரிசு நிலத்துக்கு முதல் உரிமை மிராசுதாரருக்கே இருந்தது. வெளியாள் ஒருவர் அந்த நிலம் கேட்டுத் தர்காஸ்து (விண்ணப்பம்) கொடுத்தால், அதைத் தடுக்க மிராசுதாரரால் முடியும். அதைவிடக் கொடியது, சேரியின் குடிசை நின்ற இடமும் மிராசுதாரருக்குச் சொந்தம் எனப்பட்டது. கூலி கூடுதலாகக் கேட்டால், வேறு ஊருக்கு வேலைக்குப் போனால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். கடனும் மனையும் சேர்ந்து ஒரு மனிதரைப் படியாளாகக் கட்டிப்போட்டன. ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மறைப்பணியாளர்களும் அக்காலத்தில் இதே மாவட்டத்திலிருந்து இதையே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த் துறையின் 1010ஆம் எண் அரசாணை வந்தது. ட்ரெமென்ஹீர் கேட்டவை எல்லாம் அதில் கிடைக்கவில்லை. ஆனாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்க வழி பிறந்தது. அந்த ஒதுக்கீட்டின் நிபந்தனைகள் வலுவானவை: பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் இழப்பீடு ஏதுமின்றி அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மாகாணம் முழுவதும் இப்படி வழங்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்று தலித் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன.

காகிதத்தில் பார்த்தால் இந்த நிபந்தனைகளைவிட உறுதியான வேலி கிடையாது. நடந்தது என்ன? வேலியைக் காக்கும் பொறுப்பு முழுவதும் வருவாய்த் துறையிடம் இருந்தது. நிலம் பெற்றவர்களிடம் பட்டா இருந்தது, அதுவும் தனித்தனி ஆளாக. மகள் கல்யாணம், மருத்துவச் செலவு, பஞ்சம் என்று ஒவ்வொரு குடும்பமாக நிலத்தை இழந்தபோது தட்டிக்கேட்க அவர்களுக்கு ஒரு கூட்டு அமைப்பு இல்லை. விற்பனை செல்லாது என்று சட்டம் சொன்னது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவானது. 1979இல் தொடங்கிய யூடிஆர் நிலப் பதிவேடு மாற்றத்தில் பல இடங்களில் பழைய குறிப்புகளே மறைந்தன. பஞ்சமி நிலம் என்பதற்கான சாட்சி, கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டின் ஒரு கட்டத்தில் மட்டும் இருந்ததால், அந்தக் கட்டம் மாறியதும் சாட்சியும் போயிற்று.

பதிவேட்டை மீட்கச் சொல்லி மக்கள் தெருவுக்கு வந்தபோது கிடைத்த பதில் துப்பாக்கிக் குண்டு. மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தனர். ஆணை பிறந்து 102 ஆண்டுகள் கழித்து, அது பிறந்த மாவட்டத்திலேயே.

இனி மற்றதைப் பார்ப்போம். வன உரிமைச் சட்டம் தன் முகவுரையிலேயே வேறு குரலில் பேசுகிறது. பழங்குடிகளுக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று ஒப்புக்கொள்கிறது. நிலத்தை 'வழங்குவதாக' அது சொல்லவில்லை. ஏற்கெனவே இருந்த உரிமையை அங்கீகரிப்பதாகச் சொல்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே பயிரிட்டுவரும் நிலத்தில் நான்கு ஹெக்டேர் வரை உரிமை. அது பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது. கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும்.

இதுவரை பஞ்சமி நிபந்தனையின் உறவுக்காரன் போலத்தான் தெரிகிறது. வேறுபாடு அடுத்த படியில் வருகிறது. யாருக்கு எந்த உரிமை என்று முதலில் தீர்மானிக்கும் இடம் வட்டாட்சியர் அலுவலகம் அல்ல, கிராம சபை. அந்தச் சபை, பல குக்கிராமங்கள் சேர்ந்த ஊராட்சியின் சபையாக இருக்க வேண்டியதில்லை. ஒரு குடியிருப்பின் சபையாகவே இருக்கலாம். தனி நிலத்துக்கு அப்பால், சுற்றியுள்ள காட்டின் வளத்தைக் காத்து நிர்வகிக்கும் உரிமையும் அதற்கு உண்டு.

இந்த அதிகாரம் வெறும் எழுத்தல்ல என்று ஒடிசாவின் நியமகிரி காட்டியது. வேதாந்தா நிறுவனத்தின் அலுமினா ஆலைக்காக அந்த மலையில் பாக்சைட் வெட்டும் திட்டம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. முடிவைக் கிராம சபைகளிடம் விடும்படி 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பு வந்தது. டோங்ரியா கோந்த் மக்களும் அண்டை மக்களும் வாழும் 12 ஊர்களில் சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை.

அதற்காக வன உரிமைச் சட்டத்தை வெற்றிக்கதை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் 2008இல் உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் உரிமைப் பத்திரம் வழங்குவது முடங்கியது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கும்வரை மலை மக்கள் காத்திருந்தார்கள். 2019 பிப்ரவரியில் மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றமே ஆணையிட்டு, அதே மாத இறுதியில் அதை நிறுத்திவைத்தது. ஒரு தலைமுறையின் தலைமேல் இப்படிக் கத்தி தொங்கினால் அந்த உரிமையை நிம்மதியான உரிமை என்று சொல்ல முடியாது. ஆயினும் ஒப்பிடும்போது ஒன்று தெளிவாகிறது. இரண்டு ஆவணங்களும் விற்பனையைத் தடுத்தன. ஒன்றில் தடையைக் காக்க அதிகாரி மட்டும் இருந்தார். மற்றதில் மக்கள் கூடிச் சட்டப்படி 'மாட்டோம்' என்று சொல்ல இடமிருந்தது. முதலாவது கசிந்து போனது. இரண்டாவது, தாமதமும் தடையும் இருந்தபோதும், ஒரு மலையைக் காத்தது.

இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தவர்கள் பாலாற்றுச் சமவெளியின் இருளர்கள். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகள் 7.94 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர் இருளர். மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் பட்டியலிலும் இருக்கிறார்கள். ஆனால் காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதிகளில் அவர்களின் வாழ்வு பெரும்பாலும் ஏரிக்கரை, ஆற்றோரம், குறுங்காட்டு விளிம்பு, புறம்போக்கு என்றே இருக்கிறது. காட்டுக்குள் சாகுபடி நிலம் வைத்திருக்கும் மலைவாசிக்காக எழுதிய சட்டத்தில், ஏரிக்கரையில் எலியும் மீனும் மூலிகையும் தேடி வாழ்ந்தவரின் நிலம் எங்கே வரும்? மறுபக்கம், நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் வந்த மாநிலச் சட்டத்தின் கண்ணில் அவர் ஆக்கிரமிப்பாளர்.

அவர்களின் அறிவுக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் எடுக்கும் நஞ்சிலிருந்துதான் நாட்டின் பாம்புக்கடி மருந்து பெருமளவு உருவாகிறது. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இருந்தும் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறையின் அனுமதியை எதிர்பார்த்தே அவர்கள் நிற்க வேண்டும். விருது கொடுத்த நாடு உரிமை கொடுக்கவில்லை.

மனை இல்லாமையின் விலையை 2019 ஜூலையில் எல்லாரும் பார்த்தோம். காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து, குழந்தைகள் உட்பட 42 பேர் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டார்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழும் படம் நாடெங்கும் பரவியது. முன்பணம், அடுத்தவர் இடத்தில் குடிசை, வெளியே போகத் தடை. 1891இல் ட்ரெமென்ஹீர் எழுதிய அதே சங்கிலி.

அரசு கைகட்டி நிற்கிறது என்று சொல்லமாட்டேன். 2021 நவம்பர் 4 அன்று முதலமைச்சரே மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்குச் சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா வழங்கினார். வரவேற்கிறேன். ஆனால் அது 1892இன் வழி: மேலிருந்து, தனித்தனி ஆளுக்கு, மனைக்கு மட்டும். குடியிருப்பைச் சுற்றியுள்ள ஏரி, குறுங்காடு, மேய்ச்சல் நிலம் ஆகியவை பற்றி அந்த மக்கள் கூடி முடிவெடுக்க அதில் இடமில்லை.

ஏன் இடமில்லை? தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. அதனால் பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்கான 1996 சட்டம் இங்கே பொருந்தாது. 2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. தொல்குடி உரிமைப் பிரகடனத்தை 144 நாடுகள் ஆதரித்தன; இந்தியாவும் ஆதரித்தது. ஆனால் சுயநிர்ணயம் என்பது அந்நிய ஆட்சிக்கு உட்பட்டோருக்கே என்றும், இந்தியர் அனைவரும் மண்ணின் மக்களே என்றும் நம் அரசு நிலைப்பாடு எடுத்தது. எல்லாரும் மண்ணின் மக்கள் என்றால், எல்லாருக்கும் மண் இருந்திருக்க வேண்டுமே.

சபைக்கு அதிகாரம் கொடுத்தால் போதும் என்று நான் வாதிடவில்லை. சமவெளியின் ஊராட்சியில் கிராம சபை கூடினால் அங்கே எண்ணிக்கையும் சாதியும் சேர்ந்து பேசும். பஞ்சமி நிலத்தை அனுபவித்துவருபவர்களே முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். வன உரிமைச் சட்டத்தின் குடியிருப்புச் சபை என்ற ஏற்பாடு இங்கேதான் உதவும். சேரிக்கும் இருளர் குடியிருப்புக்கும் தனிச் சபை வேண்டும். அந்தச் சபையின் ஒப்புதல் இல்லாமல் பஞ்சமி நிலமோ ஒதுக்கீட்டு நிலமோ கைமாறக் கூடாது என்று சட்டம் வேண்டும். சபையின் தீர்மானம் கட்டுப்படுத்தும் என்றும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. 2022இல் பரந்தூர் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டதிலிருந்து, அத்திட்டப் பகுதியிலுள்ள ஏகனாபுரத்துக் கிராம சபை மறுபடி மறுபடி எதிர்த்துத் தீர்மானம் போட்டிருக்கிறது. நியமகிரியின் ஒரே ஒரு 'வேண்டாம்' செய்ததை, இந்தத் தீர்மானங்கள் எல்லாம் சேர்ந்தும் செய்யவில்லை. அந்த மக்களின் உறுதி குறைந்ததல்ல. அவர்களின் சபைக்குச் சட்டம் கொடுத்த பலம்தான் குறைவு.

சட்டம் வரும்வரை செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் ஊரில் 'டி.சி. நிலம்' (ஒடுக்கப்பட்ட வகுப்பார் நிலம், அதாவது பஞ்சமி நிலம்) என்று பதிவான சர்வே எண்கள் எவை, இன்று அவை யார் பெயரில் இருக்கின்றன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள் கெடு. பதில் கிடைத்ததும் அதைச் சேரியிலும் இருளர் குடியிருப்பிலும் எல்லாரையும் கூட்டிவைத்து உரக்கப் படியுங்கள்.