வீட்டோடு வராத தொட்டி

நண்பன் ஒருவன் நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, கனடா எல்லைக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு வாங்கினான். தெருவில் எரிவாயுக் குழாய் கிடையாது. பின்பக்கம் புல்வெளியில் வெள்ளையாக, படுத்திருக்கும் பன்றிக்குட்டி மாதிரி ஒரு புரொப்பேன் தொட்டி. 500 கேலன். வீட்டோடு சேர்ந்ததுதானே என்று நினைத்துவிட்டான். சாவி வாங்கின மறுவாரம் ஒரு கடிதம் வந்தது: தொட்டி எங்களுடையது, எங்களோடு ஒப்பந்தம் போடுங்கள், இல்லாவிட்டால் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவோம்.

"வாடகைக்கு வெச்சுக்கவா, சொந்தமா ஒண்ணு வாங்கவா? இல்ல, இந்த கேஸே வேண்டாம்னு விட்டுடவா?" என்று கேட்டான். எதைக் கேட்டாலும் நான் நூறு வருஷம் பின்னாலிருந்து ஆரம்பிப்பேன் என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் கேட்டான். கூடவே அவனுடைய அம்மா அங்கே வந்து இருக்கிறார்கள். வீட்டிலிருப்பது கரண்ட் அடுப்பு. "தீ கண்ணுக்குத் தெரியாம எப்படிடா சமைக்கிறது?" என்று தினமும் புலம்பல். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கேள்வி.

சரி, 1910. பிட்ஸ்பர்க். அமெரிக்கச் சுரங்கத்துறையில் வால்டர் ஸ்னெல்லிங் என்று ஒரு வேதியியலாளர். வெடிமருந்து ஆள்; பனாமா கால்வாய் தோண்டும்போது தண்ணீருக்கடியில் வெடிக்கும் டெட்டனேட்டர் செய்து கொடுத்தவர். அவரிடம் ஒரு புகார் வருகிறது. ஃபோர்டு மாடல் டி கார் வைத்திருக்கும் ஒருவர் சொல்கிறார்: நான் காசு கொடுத்து வாங்கின பெட்ரோலில் பாதி, வீடு போய்ச் சேருவதற்குள் ஆவியாகிவிடுகிறது. ஸ்னெல்லிங் அந்தப் பெட்ரோலை ஒரு ஜாடியில் வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்குத் திரும்பினார். வழி நெடுக மூடி தெறித்துக்கொண்டே இருந்தது.

அந்தக் காலத்தில் இயற்கை வாயுவிலிருந்து வடித்தெடுக்கும் பெட்ரோலில் வேறு லேசான வாயுக்களும் கரைந்திருக்கும். பழைய வெந்நீர் பாய்லரின் சுருள் குழாயையும் கையில் கிடைத்த சாமான்களையும் சேர்த்து ஸ்னெல்லிங் ஒரு வடிகலம் கட்டி, அவற்றைப் பிரித்தார். புரொப்பேன், பியூட்டேன் எல்லாம் தனித்தனியாக வந்தன. அழுத்தத்தில் திரவமாக நிற்கும், திறந்துவிட்டால் வாயுவாகும். குழாய் போடாத ஊருக்கு வாயுவை இரும்புக் குப்பியில் கொண்டுபோகலாம். 1912-இலேயே வீட்டு உபயோகத்துக்கு வந்துவிட்டது, 1913-இல் காப்புரிமை. அதை ஓக்லஹாமாவின் எண்ணெய் முதலாளி ஃபிராங்க் பிலிப்ஸுக்கு 50,000 டாலருக்கு விற்றுவிட்டார் என்று சொல்வார்கள். அன்றைக்கு அது பெரிய பணம்தான். பின்னால் நடந்ததைப் பார்த்தால் சில்லறை.

1922-இல் அமெரிக்கா மொத்தமும் சேர்த்து 2,23,000 கேலன். 1927-இல் 10 லட்சம். 1935-இல் 5 கோடியே 60 லட்சம். இத்தனைக்கும் நடுவில்தான் பெருமந்தம் வந்து போனது. பொருளாதாரமே படுத்துக்கிடந்த வருஷங்களில் இது மட்டும் எப்படி ஏறியது? ஒரு காரணம், எண்ணெய்க் கிணறுகளில் இது பெரும்பாலும் எரித்துத் தள்ளப்பட்ட கழிவு. இன்னொரு காரணம் கிராமம். 1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. நகரத்துப் பெண்கள் குழாய் வாயுவில் சமைத்துக்கொண்டிருக்க, பண்ணை வீட்டில் விறகும் நிலக்கரியும் மண்ணெண்ணெயும்தான். அந்த அடுப்படிக்குள் நுழைந்ததுதான் புரொப்பேனின் வெற்றி. நம்ம ஊரிலும் பின்னால் அதுதானே நடந்தது.

தெற்கே, குளிர் குறைந்த இடங்களில், பியூட்டேனும் ஓடியது. பியூட்டேனின் கொதிநிலை பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழே. புரொப்பேனுக்கு மைனஸ் 42. ஆகவே பனி கொட்டும் ஊரில் பியூட்டேன் தொட்டிக்குள்ளேயே திரவமாகச் சும்மா கிடக்கும், அடுப்புக்கு வராது. நம் சமையல் சிலிண்டரில் இரண்டும் கலந்து வருவதற்கும் நண்பனின் தொட்டியில் கிட்டத்தட்ட முழுக்கப் புரொப்பேனாக இருப்பதற்கும் இதுதான் காரணம். ('கிங் ஆஃப் தி ஹில்' கார்ட்டூன் தொடர் பார்த்தவர்களுக்கு, டெக்சாஸில் புரொப்பேன் விற்கும் ஹாங்க் ஹில்லுக்கு பியூட்டேன் என்றாலே ஆகாது என்பது நினைவிருக்கும்.)

இப்போது தொட்டி. குப்பியை மாற்றி மாற்றிக் கொண்டுபோவதைவிட, வீட்டிலேயே பெரிய தொட்டியை வைத்துவிட்டு லாரியில் வந்து நிரப்புவது விற்பவனுக்கு மலிவு. ஆனால் அந்தப் பெரிய இரும்புத் தொட்டியை விவசாயி எங்கே வாங்கப் போகிறார்? அதனால் விற்பவனே கொண்டுவந்து வைத்தான். சும்மாவோ, பெயருக்கு ஒரு வாடகைக்கோ. தொட்டி யாருடையதோ அவர்தான் நிரப்பலாம், அல்லது அவர் அனுமதி வேண்டும் என்று பல மாநிலங்களில் சட்டமும் உண்டு. பாதுகாப்புக் காரணம்தான் சொல்வார்கள். அதில் உண்மையும் இருக்கிறது: யார் பராமரிக்கிறார்கள் என்று தெரியாத தொட்டியில் எவனோ வந்து நிரப்பினால் ஆபத்து. ஆனால் அதோடு உங்கள் பின்பக்கத்துப் புல்வெளி அந்த கம்பெனியின் எல்லைக்குள் போய்விடுகிறது. பக்கத்து ஊர்க்காரன் கேலனுக்கு அரை டாலர் குறைத்துக் கொடுத்தாலும் நீங்கள் வாங்க முடியாது.

நமக்கு இது புரிய கஷ்டமே இல்லை. இந்தியன் ஆயில் 1965-இல் கல்கத்தாவில் இண்டேன் இணைப்பு கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து, நம் வீட்டு சிவப்பு சிலிண்டரும் நம்முடையது இல்லை. டெபாசிட் கட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். என்ன வித்தியாசம் என்றால், இங்கே எந்த ஏஜென்சிக்குப் போனாலும் விலையில் பெரிய பேதம் கிடையாது. அங்கே ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு இரண்டு விலை இருக்கலாம்.

அந்த விலை எப்படி ஆடும் என்பதற்கு 2014 ஜனவரியைப் பார்க்க வேண்டும். முந்தைய இலையுதிர் காலத்தில் மத்திய மேற்கு மாநிலங்களில் சோளம் ஈரமாக அறுவடையானது. அதை உலர்த்த ஏகப்பட்ட புரொப்பேன் போய்விட்டது. ஏற்றுமதியும் கூடியிருந்தது. கனடாவிலிருந்து புரொப்பேன் கொண்டுவரும் கோச்சின் குழாய் (நம் கொச்சி இல்லை) பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்பட்டு, பிறகு வேறு வேலைக்குத் திருப்பப்பட இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கடும் குளிர் இறங்கியது. கேலனுக்கு 3 டாலருக்குச் சற்றுக் கீழே இருந்த சில்லறை விலையின் தேசிய சராசரி, ஒரே வாரத்தில் 4 டாலரைத் தாண்டியது. கான்சாஸின் கான்வே மொத்தச் சந்தையில் கிட்டத்தட்ட 5 டாலர். லாரி டிரைவர்களுக்கான வேலை நேர விதிகளையே அரசு தளர்த்த வேண்டியிருந்தது. அந்த வாரத்தில் தொட்டி காலியாகிப்போன வாடகைக்காரர், தன் கம்பெனி சொன்ன விலையைத்தான் கொடுத்தாக வேண்டும்.

இனி நண்பனின் கணக்கு. 500 கேலன் தொட்டி என்றாலும் 80 சதவீதம்தான் நிரப்புவார்கள்; வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும். ஆக 400 கேலன். எடையில் சுமார் 760 கிலோ, நம் 14.2 கிலோ சிலிண்டர் கணக்கில் 53-க்கு மேல். இதைக் கேட்டதும் அவன் அம்மா, "ஐம்பத்து மூணு சிலிண்டரையா கொல்லையில வெச்சிருக்கே?" என்று அதிர்ந்துபோனார்களாம்.

வருஷத்துக்கு 800 கேலன் செலவு என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொட்டி, கான்கிரீட் கட்டை, குழாய், ரெகுலேட்டர், கூலி எல்லாம் சேர்த்து 3,000 டாலர் என்று வைப்போம். சொந்தமாக இருந்தால் பேரம் பேசி கேலனுக்கு 40 சென்ட் குறைக்கலாம். வாடகை 100 டாலரும் மிச்சம். வருஷத்துக்கு 420. ஏழு வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும். மோசமில்லை.

ஆனால் 800 கேலன் எரிக்கத்தான் வேண்டுமா? ஒரு கேலனில் 91,500 பி.டி.யூ., அதாவது 26.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம். கேலன் 2.50 டாலர், நூற்றுக்கு 95 பங்கு வெப்பம் தரும் நல்ல உலை என்றால், ஒரு யூனிட் வெப்பம் கிட்டத்தட்ட 10 சென்ட். மின்சாரம் யூனிட்டுக்கு 15 சென்ட் என்று வைத்து, வெறும் ஹீட்டர் போட்டால் 15 சென்ட். வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சும் ஹீட் பம்ப் போட்டால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டரை யூனிட் வெப்பம் வரும் நாட்களில் 6 சென்ட்தான். கடுங்குளிரில் அந்த இரண்டரை ஒன்றரைக்கு இறங்கினால் திரும்ப 10 சென்ட். ஆக, சாதாரணக் குளிருக்கு ஹீட் பம்ப், உறையும் வாரங்களுக்கு இருக்கிற உலை. இரண்டையும் வைத்துக்கொண்டால் புரொப்பேன் 250 கேலனில் முடிந்துவிடலாம்.

இங்கேதான் சிக்கல். 250 கேலனுக்கு அதே 40 சென்ட் என்றால் 100 டாலர், வாடகை 100. வருஷ மிச்சம் 200. போட்ட 3,000 திரும்ப பதினைந்து வருஷம். வாடகையே மேல் என்று சொல்லத் தோன்றும். ஒப்பந்தத்தைப் படிக்கச் சொன்னேன். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே வாங்கினால் தனிக் கட்டணம். பாதியில் விட்டால் தொட்டியை எடுத்துப்போக ஒரு கட்டணம், உள்ளே மிஞ்சியதை உறிஞ்சி எடுக்க இன்னொன்று. குறைவாக எரிப்பவனை அந்த ஒப்பந்தத்துக்குப் பிடிக்காது. நான் சொந்தம் என்றேன். கணக்கு பாதிதான் என் பக்கம், மீதி 2014. அவன் வாங்கினான்.

வைப்பதில் விதிகள் அதிகம் இல்லை, ஆனால் கறார். 125 முதல் 500 கேலன் வரையிலான தொட்டி, வீட்டிலிருந்தும் மனையின் எல்லையிலிருந்தும் 10 அடி தள்ளி இருக்க வேண்டும். 500-ஐத் தாண்டினால் 25 அடி. 500 கேலன் தொட்டியே அதிகம் விற்பதற்கு இந்த எல்லைக்கோடும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். வெளிர் நிறப் பெயின்ட் வெயிலைத் திருப்பி அனுப்ப. புதைத்தால் அழகு, ஆனால் துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ள மெக்னீசிய ஆனோடு கட்ட வேண்டும், நிலத்தடி நீர் மேலே இருந்தால் காலித் தொட்டி மிதந்து எழாமல் நங்கூரமும் போட வேண்டும். பழைய தொட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று அவன் ஒன்றைப் பார்த்தான். உற்பத்தித் தகடு அழிந்துபோயிருந்தது. அதை யாரும் நிரப்ப மாட்டார்கள், வெறும் இரும்பு. விட்டுவிட்டு புதிதே வாங்கினான்.

புதுத் தொட்டியில்தான் நான் பயந்த விஷயம் ஒன்று இருந்தது. புரொப்பேனுக்கு வாசனை இல்லை. நாம் 'கேஸ் வாடை' என்று சொல்வது கலந்துவிடும் ஈத்தைல் மெர்காப்டன். எரிவாயுவில் நாற்றம் கலப்பதைக் கட்டாயமாக்கியதன் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊர். எண்ணெய்ப் பணத்தில் கட்டிய பெரிய பள்ளி. காசு கட்டி வாங்கின வாயுவை நிறுத்திவிட்டு, பக்கத்து எண்ணெய் வயலில் வீணாகப் போகும் வாயுவின் குழாயில் இணைப்பு எடுத்துக்கொண்டார்கள், மாதம் சில நூறு டாலர் மிச்சம் பிடிக்க. 1937 மார்ச் 18 அன்று, கட்டிடத்துக்கு அடியில் கசிந்து தேங்கியிருந்த இயற்கை வாயு ஒரு மின்பொறியில் வெடித்தது. ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள். யாருக்கும் எதுவும் முகரத் தெரிந்திருக்கவில்லை. சில வாரங்களுக்குள் டெக்சாஸ் சட்டம் போட்டது.

அந்த மெர்காப்டனுக்கு ஒரு பலவீனம். புதுத் தொட்டியின் உள்ளே காற்றும் ஈரமும் புகுந்து துரு பிடித்தால், இரும்பு அந்த நாற்றத்தைத் தின்றுவிடும். வாயு இருக்கும், வாடை மங்கிவிடும். அதனால்தான் புதுத் தொட்டியை வால்வு திறந்து போட்டு வைக்கக் கூடாது. உள்ளிருக்கும் காற்றை முறைப்படி வெளியேற்றிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். நிரப்ப வந்த ஆளிடம் இதைக் கேளு என்று நண்பனுக்கு இரண்டு தடவை மெசேஜ் அனுப்பினேன். கேட்டான், செய்திருந்தார்கள்.

அவர் போகும்போது ஒரு சின்ன அட்டை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நகத்தால் சுரண்டினால் கேஸ் வாடை வரும், வீட்டில் எல்லோரும் முகர்ந்து பழகிக்கொள்ளத்தான். அன்றைக்கு புது அடுப்பில் அம்மா முதல் அப்பளம் சுட்டு முடித்திருந்தார்கள். நண்பன் அட்டையைச் சுரண்டி நீட்டியிருக்கிறான்.

"ஒண்ணும் வரலையேடா. வெறும் அட்டைதானே?"

அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்ததாம். அம்மாவுக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு மோப்பம் போய்விட்டிருக்கிறது. ரசம் உப்பில்லாமல் இருக்கிறது, காபி மணக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்ததை யாரும் காதில் வாங்கவில்லை. அன்று சாயங்காலமே கடைக்குப் போய் வாயுக் கசிவு அலாரம் இரண்டு வாங்கி வந்தான். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தரையாக வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் ஒன்றை அடுப்படியில் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் மாட்டினான், இன்னொன்றை உலை இருக்கும் அடித்தளத்தில். புகை அலாரம் மாதிரி மேலே மாட்டாமல் கீழே எதற்கு என்று அம்மா கேட்டார்களாம்.