பாட்டனாரின் மணிக்கூடு

பழைய மணிக்கூட்டின் வயதை அதன் முகப்பு சொல்வதில்லை. உள்ளே இயந்திரத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் தொடரிலக்கமே அதன் பிறப்புச் சான்றிதழ்.

எமது குடும்பத்தில் ‘இங்கிலாந்து மணிக்கூடு’ என்றே வழங்கிவந்த, பாட்டனாரின் வெள்ளிச் சங்கிலி மணிக்கூடு சில ஆண்டுகளுக்கு முன்னர் என் கைக்கு வந்தது. திறந்து பார்த்தேன். இயந்திரத்தில் அமெரிக்காவின் வோல்தம் நிறுவனத்தின் பெயர் காணப்பட்டது. வெள்ளிக் கூட்டின் உட்புறத்திலோ இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகருக்குரிய நங்கூர முத்திரையும், தூய வெள்ளிக்குரிய சிங்க முத்திரையும், ‘ஏ.எல்.டி.’ என்ற எழுத்துகளும் இருந்தன.

இந்தப் புதிருக்கு விடை ஆரோன் லவ்கின் டெனிசன் என்பவரின் வாழ்க்கையில் உள்ளது. 1850இல் வோல்தம் நிறுவனத்துக்கு வித்திட்டோருள் அவரும் ஒருவர். உதிரிப்பாகங்களை இயந்திரத்தால் ஒரே அளவில் செய்யும் முறையின் முன்னோடி. பின்னாளில் பேர்மிங்ஹாமில் குடியேறி, வோல்தம் இயந்திரங்களுக்கு அங்கேயே கூடுகள் செய்தார். ஆகவே, குடும்பத்தார் சொன்னதில் பாதி உண்மை.

வோல்தம் தொடரிலக்கப் பட்டியல்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றின்படி இது 1880களின் இறுதியில் செய்யப்பட்டது. 1905இல் யாழ்ப்பாணத்தைக் கொழும்புடன் இணைத்த புகையிரதப் பாதையிலும் மூத்தது.

உறைந்த எண்ணெயைக் கழுவி, முறிந்த சுருள்வில்லை மாற்றுவதோடு நிறுத்துமாறு திருத்துநரிடம் கேட்டுக்கொண்டேன். கூட்டை மினுக்கினால் முத்திரைகள் தேய்ந்துவிடும்.

1981இல் எமது நூலகம் எரிந்தது. 1995 இடப்பெயர்வில் எத்தனையோ வீடுகளின் உறுதிகளும் கடிதங்களும் அழிந்தன. தாள்களை இழந்த சமூகத்துக்கு இத்தகைய பொருள்களே ஆவணங்கள். உங்கள் வீட்டுப் பெட்டகங்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.