இயங்கு வடிவியல் மென்பொருளில் இயங்குவரை

இயங்குவரை என்பது, கொடுக்கப்பட்ட நிபந்தனைக்கு உட்பட்டு நகரும் ஒரு புள்ளி செல்லும் பாதை ஆகும். நிலையான ஒரு புள்ளியிலிருந்து மாறாத தொலைவில் நகரும் புள்ளியின் இயங்குவரை வட்டம் ஆகும். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையிலுள்ள விசயாலய சோழீச்சரத்தின் வட்ட வடிவக் கருவறை இவ்வடிவத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இயங்குவரை நியமப்பாதை என்றும், இலங்கையில் ஒழுக்கு என்றும் வழங்கப்படுகிறது.

ஜியோஜீப்ரா, கேப்ரி, சின்டரெல்லா முதலிய இயங்கு வடிவியல் மென்பொருள்கள் இயங்குவரைகளைத் திரையில் வரைந்து காட்டுகின்றன. இப்படங்கள் ஓர் உண்மையை ஊகிக்க உதவும், அதை நிறுவுவதில்லை.

தடமும் இயங்குவரையும்

இம்மென்பொருள்களில் பாதையைக் காட்ட இரு வழிகள் உள்ளன. முதலாவது தடம். புள்ளியை நகர்த்தும்போது அது சென்ற இடங்களில் அடையாளம் விழுகிறது. ஜியோஜீப்ராவில் திரைக்காட்சியைப் பெரிதாக்கினாலோ நகர்த்தினாலோ இவ்வடையாளங்கள் அழிந்துவிடும். இரண்டாவது இயங்குவரைக் கருவி. இதற்கு இரண்டு தேவைகள் உள்ளன: ஒரு கோட்டின் மீதோ வட்டத்தின் மீதோ நகரும் இயக்குப்புள்ளி, அதனைச் சார்ந்து நகரும் மற்றொரு புள்ளி. இயக்குப்புள்ளிக்குப் பதிலாக நழுவலையும் பயன்படுத்தலாம்.

மென்பொருள் இயக்குப்புள்ளியைப் பல இடங்களில் வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றிலும் சார்புப்புள்ளியின் இடத்தைக் கணக்கிட்டு, அவ்விடங்களைச் சிறு கோட்டுத்துண்டுகளால் இணைக்கிறது. மூலப்படத்தை மாற்றினால் வளைவரையும் உடனே மாறும். எடுத்துக்கொண்ட இடங்கள் குறைவாயின் வளைவரை பலகோணம் போலத் தோன்றும், கூர்முனைகள் மழுங்கும்.

எடுத்துக்காட்டு: சாய்ந்த ஏணி

2 மீட்டர் நீளமுள்ள ஏணி செங்குத்துச் சுவரில் சாய்ந்து சறுக்குகிறது எனக் கொள்க. அதன் நடுப்புள்ளியின் பாதை கீழ்நோக்கி வளையும் என்றே பலர் எண்ணுவர். மென்பொருளோ சுவரின் அடிமூலையை மையமாகக் கொண்ட வட்டவில்லைக் காட்டுகிறது. இதற்கான காரணம் எளிது. சுவர், தரை, ஏணி ஆகியவை ஒரு செங்கோண முக்கோணத்தை அமைக்கின்றன. செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் நடுப்புள்ளி மூன்று உச்சிகளிலிருந்தும் சமதொலைவில் இருக்கும். ஆகவே நடுப்புள்ளி எப்போதும் மூலையிலிருந்து 1 மீட்டர் தொலைவில் உள்ளது. படம் காட்டியதை இவ்வாதம் நிறுவுகிறது.

ஏணியின் மேல்முனையைக் காண, கீழ்முனையை மையமாகக் கொண்டு 2 மீட்டர் ஆரமுள்ள வட்டம் வரைந்து, அது சுவர்க்கோட்டை வெட்டும் இடத்தைக் குறிக்க வேண்டும். வெட்டும் புள்ளிகள் இரண்டு: ஒன்று தரைக்கு மேல், மற்றொன்று கீழ். மென்பொருள் எதைத் தேர்ந்தெடுக்கிறதோ அதற்குரிய கிளை மட்டுமே வரையப்படும். கீழ்முனை 2 மீட்டருக்கு அப்பால் சென்றால் வெட்டுப்புள்ளியே இல்லை. வளைவரை அங்கு முடிகிறது. கிளை மாற்றத்தால் புள்ளிகள் திடீரெனத் தாவுவதைத் தவிர்க்க, 1999இல் வெளியான சின்டரெல்லா சிக்கலெண்களைப் பயன்படுத்துகிறது.

சமன்பாடு காணுதல்

ஜியோஜீப்ரா போன்றவற்றில் இயங்குவரையின் சமன்பாட்டைத் தரும் கட்டளையும் உண்டு. இது வடிவியல் நிபந்தனைகளைப் பல்லுறுப்புச் சமன்பாடுகளாக மாற்றி, தேவையற்ற மாறிகளை நீக்குகிறது. ஏணியின் நடுப்புள்ளிக்கு இக்கட்டளை முழு வட்டத்தின் சமன்பாட்டைத் தரும். ஆனால் உண்மையான ஏணி செல்வது கால்வட்டத்தில் மட்டுமே. இவ்வாறு கூடுதல் பகுதிகள் சேர்ந்து வரக்கூடும் என்பதால் விடையைப் பகுத்துப் பார்ப்பது அவசியம்.

எடுத்துக்காட்டு: மிதிவண்டிச் சக்கரம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். மிதிவண்டிச் சக்கரமே நன்கு அறியப்பட்ட மற்றோர் இயங்குவரையைத் தருகிறது. டயரின் வெளிவிளிம்பில் சுண்ணக்கட்டியால் இட்ட புள்ளி, சக்கரம் நேராக உருளும்போது வட்டப்புள்ளியுரு என்னும் வளைவரையில் செல்கிறது. சக்கரத்தின் ஆரம் 33 செ.மீ. எனில், ஒரு சுற்றில் வண்டி ஏறத்தாழ 207 செ.மீ. முன்னேறும். புள்ளி கடக்கும் பாதையின் நீளமோ ஆரத்தின் 8 மடங்கு, அதாவது 264 செ.மீ. இந்நீளத்தை 1658இல் கிறிஸ்டோபர் ரென் கண்டறிந்தார். காற்றடைக்கும் வால்வு விளிம்புக்கு உட்புறம் இருப்பதால், அதன் பாதை தரையைத் தொடாத வேறொரு வளைவரை ஆகும்.

சுழற்சிக் கோணத்தை நழுவலாகக் கொண்டு இதை எளிதில் வரையலாம். ஆனால் இதற்குப் பல்லுறுப்புச் சமன்பாடு கிடைக்காது. சக்கர மையத்தின் உயரத்தில் வரையும் கிடைக்கோடு, முடிவின்றி உருளும் சக்கரத்தின் பாதையை எண்ணற்ற இடங்களில் வெட்டும். பல்லுறுப்புச் சமன்பாடுடைய வளைவரையை, அதன் பகுதியாக அமையாத ஒரு நேர்கோடு முடிவுறு எண்ணிக்கையிலான இடங்களில் மட்டுமே வெட்ட இயலும்.

கல்வியில் பயன்பாடு

தமிழ்நாட்டில் நியமப்பாதை 11ஆம் வகுப்புக் கணிதத்தில் பகுமுறை வடிவியலின் பகுதியாக உள்ளது. 2018 முதல் வெளியான மாநிலப் பாடநூல்களின் இணையச் செயல்பாடுகளில் ஜியோஜீப்ரா பயன்படுத்தப்பட்டுள்ளது. மாணவர் முதலில் பாதையை ஊகித்து, பின்னர் மென்பொருளில் சோதித்து, இறுதியில் காரணத்தை நிறுவுவது பயனுள்ள வரிசையாகும். படத்தை முதலிலேயே பார்த்துவிட்டால், ஏன் அவ்வடிவம் என்ற வினா எழாமலே போகலாம்.