நிச்சயதார்த்த மோதிரம்: எவ்வளவு செலவிடலாம்?

நிச்சயதார்த்த மோதிரத்திற்கு இரண்டு மாதச் சம்பளம் செலவிட வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. இது நம் முன்னோர் வகுத்த முறையல்ல. டி பீர்ஸ் வைர நிறுவனம் 1980களில் விளம்பரங்களின் வழி பரப்பிய கணக்கு. நம்மவர்க்குத் திருமண அடையாளம் தாலிதான். அதற்கும் தங்கம் வாங்க வேண்டும்.

எனவே தாலி, கூறைப்புடவை, மண்டபம், விருந்து ஆகியவற்றுக்கான பணத்தை முதலில் ஒதுக்குங்கள். அவசரத் தேவைக்கும் ஒரு தொகை இருக்கட்டும். அதன்பின் சேமிப்பில் மிஞ்சுவதே மோதிரத்திற்கான அளவு.

916 என்பது 22 காரட் தங்கம். 5 கிராம் மோதிரத்தில் தூய தங்கம் 4.58 கிராம். எடைக்குரிய அன்றைய விலையோடு கூலியும் சேரும். பின்னாளில் விற்றாலோ அடகு வைத்தாலோ எடைக்குத்தான் மதிப்பு, கூலி திரும்பாது. சிறு கற்களுக்கும் பெரும்பாலும் விலை கிடைக்காது. எடை, தரம், கூலி ஆகியவை தனித்தனியே எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

கடனில் வாங்குவதைத் தவிருங்கள். ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியுள்ள கிரெடிட் கார்டில் 3,000 ரிங்கிட் பாக்கி வைத்தால், மாத வட்டி மட்டுமே ஏறத்தாழ 45 ரிங்கிட். அது புதுக் குடும்பத்தின் மளிகைப் பணம்.

மோதிரம் மாற்றுவது இருவரும் என்பதால், கடைக்குப் போகுமுன் பெண்ணும் மாப்பிள்ளையும் தொகையைப் பேசி முடிவு செய்வது நல்லது. விரலளவு கேட்கத் தயங்காதவர்கள் விலையளவு பேசவும் தயங்க வேண்டாம்.